வெள்ளிக்கும் பிறை உண்டு: கிரகங்களின் பிறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மைதானத்திலோ மொட்டைமாடியிலோ தொலைநோக்கியை நிறுத்தி வெள்ளியைக் காட்டினால், பார்த்தவர்களில் பாதிப்பேர் "இது நிலாதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னதும் சந்தேகங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அவை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. முன்பே சொன்ன விஷயம் மறுபடி தேவைப்படும் இடத்தில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. வெள்ளி எப்போது பார்த்தாலும் ஒரு புள்ளிதானே? அதற்குப் பிறை இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் நம் கண்ணின் எல்லை. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கை வில்விநாடி என்பார்கள். நல்ல பார்வை உள்ளவராலும் ஏறக்குறைய 60 வில்விநாடிக்குக் குறைந்த விவரத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. நிலவின் அகலம் சுமார் 1800 வில்விநாடி, அதனால் அதன் பிறை குழந்தைக்கும் தெரிகிறது. வெள்ளியோ நமக்கு மிக அருகில் வரும்போதுதான் 60 வில்விநாடியை எட்டுகிறது. தொலைவில் இருக்கும்போது அதன் அகலம் வெறும் 10 வில்விநாடி.

அருகில் இருக்கும் வாரங்களில் 10 மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரே பிறையைக் காட்டிவிடும். கை நடுங்காமல் சுவரிலோ தூணிலோ சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2. பூமியின் நிழல் அதன் மேல் விழுவதால்தானே பிறை உண்டாகிறது?

இல்லை. நிலவைப் பற்றியும் இதே தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுந்தால் அது சந்திர கிரகணம். பிறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெள்ளியின் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பூமியின் முழுநிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீண்டு முடிந்துவிடுகிறது. வெள்ளி நமக்கு மிக நெருங்கும்போதே ஏறக்குறைய 4 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, அதுவும் சூரியன் இருக்கும் பக்கத்தில். நம் நிழல் அதைத் தொட வழியே இல்லை.

நடப்பது இதுதான். கிரகம் ஓர் உருண்டை. சூரியனைப் பார்த்திருக்கும் பாதி எப்போதும் வெளிச்சத்திலும் மறுபாதி எப்போதும் இருட்டிலும் இருக்கின்றன. அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறையின் அளவைத் தீர்மானிக்கிறது. இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி வைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பழம் அசையவில்லை, விளக்கும் அசையவில்லை. நீங்கள் நிற்கும் இடம் மாற மாற, முழு வட்டமும் பாதியும் கீற்றும் வந்து போகும்.

இதை ஒரு கோணமாகச் சொல்லிவிட்டால் பிறகு எல்லாம் எளிது. நீங்கள் அந்தக் கிரகத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வானத்தில் எத்தனை பாகை இடைவெளி? இரண்டும் ஒரே திசையில் இருந்தால், அதாவது 0 பாகை என்றால், நமக்குக் கிரகம் முழு வட்டமாகத் தெரியும். 90 பாகை என்றால் சரிபாதி. 180 பாகையை நெருங்கினால் மெல்லிய கீற்று. இனி வரும் பதில்களில் இதைப் பிறைக்கோணம் என்று அழைக்கிறேன்.

3. எல்லாக் கிரகங்களும் சூரிய ஒளியில்தானே மின்னுகின்றன? புதன், வெள்ளி இரண்டுக்கு மட்டும் பிறை, வியாழனுக்கு ஏன் இல்லை?

பிறைக்கோணம் எவ்வளவு பெரிதாக முடியும் என்பதில்தான் வேறுபாடு. புதனும் வெள்ளியும் நம் பாதைக்கு உள்ளே சூரியனைச் சுற்றுகின்றன. அவை சூரியனுக்குப் பின்னால் போகவும் முடியும், நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரவும் முடியும். ஆகவே அவற்றின் பிறைக்கோணம் 0 முதல் 180 வரை எல்லா மதிப்புகளையும் தொடுகிறது.

வியாழன் சூரியனிலிருந்து நம்மைவிட ஐந்து மடங்குக்கும் மேலான தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பார்ப்பவருக்குப் பூமி எப்போதும் சூரியனை ஒட்டியே தெரியும். 12 பாகைக்கு மேல் விலகவே விலகாது. சூரியன் வியாழனின் எந்த முகத்தைப் பார்க்கிறதோ, ஏறத்தாழ அதே முகத்தைத்தான் நாமும் பார்க்கிறோம். மிக மோசமான நிலையிலும் வியாழனின் வட்டத்தில் 1 சதவீதம்தான் இருட்டு. சனிக்கு இந்தக் கோணம் 6 பாகையைச் சற்றே தாண்டும், யுரேனஸுக்கு 3, நெப்டியூனுக்கு 2. தொலைவு கூடக் கூட இருட்டுக்கு இடமில்லாமல் போகிறது.

4. செவ்வாயைப் பார்த்தேன், ஒரு பக்கம் தேய்ந்த மாதிரி இருந்தது. தொலைநோக்கியில் கோளாறா?

கோளாறு இல்லை, கூர்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். செவ்வாய் நமக்கு அடுத்த வெளிப்பாதையில் இருப்பதால் அதன் பிறைக்கோணம் 47 பாகை வரை போகும். அப்போது அதன் வட்டத்தில் சுமார் 84 சதவீதம் மட்டுமே ஒளிர்கிறது. பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன்னால் நிலவு எப்படி இருக்குமோ அந்த வடிவம். பாதியாகவோ கீற்றாகவோ செவ்வாய் நமக்கு ஒருபோதும் தெரியாது.

செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வரும்போது முழு வட்டமாக இருக்கும். 2025 ஜனவரி 16 அன்று அப்படி வந்தது. அடுத்தது 2027 பிப்ரவரி 19. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்போ பின்போ பார்த்தால் இந்தத் தேய்வு நன்றாகத் தெரியும்.

5. பிறையாக இருக்கும்போது வெள்ளி பெரிதாகவும், முழுசாக இருக்கும்போது சின்னதாகவும் தெரிகிறதே. நிலவு அப்படி மாறுவதில்லையே?

நிலவு நம்மைச் சுற்றுகிறது, அதனால் அதன் தொலைவு பெரிதாக மாறுவதில்லை. வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது. சூரியனிலிருந்து வெள்ளி 10.8 கோடி கிலோமீட்டர், பூமி 15 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு இந்தப் பக்கம் வெள்ளி இருந்தால் கழித்தல் கணக்கு: ஏறக்குறைய 4 கோடி. அந்தப் பக்கம் இருந்தால் கூட்டல் கணக்கு: ஏறக்குறைய 26 கோடி. ஆறு மடங்கு வேறுபாடு.

இந்தப் பக்கம் இருக்கும்போது அதன் இருட்டுப் பாதி நம்மை நோக்கியிருக்கிறது, அதனால் பெரிய மெல்லிய கீற்று. அந்தப் பக்கம் இருக்கும்போது வெளிச்சப் பாதி நம்மை நோக்கியிருக்கிறது, அதனால் சிறிய முழு வட்டம். வடிவமும் அளவும் ஒன்றோடொன்று பிணைந்து மாறுவதே வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி. 13-ஆம் கேள்வியில் இதற்குத் திரும்பி வருவோம்.

6. கீற்றாக இருக்கும்போதுதான் வெள்ளி மிக அதிகமாகப் பிரகாசிக்கும் என்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வெள்ளி மிகப் பிரகாசமாக இருக்கும் நாளில் அதன் அகலம் சுமார் 40 வில்விநாடி. தொலைவில் முழு வட்டமாக இருக்கும்போது 10. அகலம் நான்கு மடங்கு என்றால் பரப்பு பதினாறு மடங்கு. அதில் கால்வாசிதான் ஒளிர்கிறது என்றாலும் ஒளிரும் பரப்பு முழு வட்டத்தைவிட நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. பிறையின் மேல் சூரிய ஒளி சாய்வாக விழுவதால் அந்த நான்கு மடங்கும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை; இருந்தாலும் இரண்டு மடங்கு பிரகாசமாவது கிடைக்கிறது.

இன்னும் நெருங்கினால் அகலம் கூடும், ஆனால் கீற்று அதைவிட வேகமாக மெலியும். ஒன்றின் லாபமும் மற்றதன் நட்டமும் சமன்படும் இடம், வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வருவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பும், அதே அளவு காலம் பின்பும் வருகிறது. அந்த நாள்களில் நல்ல இருட்டான இடத்தில் வெள்ளியின் ஒளியில் நிழல்கூட விழும்.

7. புதனுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை, புதன் இதற்கு நேர்மாறு. முழு வட்டத்தை நெருங்கும்போதுதான் அது மிகப் பிரகாசம். வெள்ளியை அடர்ந்த மேகங்கள் மூடியிருக்கின்றன. விழும் ஒளியில் முக்கால் பங்கை அவை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புகின்றன. புதனோ நிலவைப் போல மேடு பள்ளம் நிறைந்த கரும்பாறை. ஒளி பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு மேடும் தன் பின்னால் நிழலைப் பரப்பிவிடும். அரை நிலவு முழு நிலவின் பாதி அளவுக்கு ஒளி தருவதில்லை, பத்தில் ஒரு பங்குதான் தருகிறது. காரணம் இதுவே.

ஆகவே மாலையில் புதனைத் தேடுபவர்கள், அது சூரியனிலிருந்து மிக விலகி நிற்கும் நாளுக்கு முந்தைய வாரத்தில் தேட வேண்டும். அதற்குப் பிறகு பிறையாகி மங்கிவிடும். அதிகாலையில் தேடுபவர்களுக்கு அந்த நாளுக்குப் பிந்தைய வாரம் நல்லது. புதன் சூரியனிலிருந்து 28 பாகைக்கு மேல் விலகாது என்பதால் அடிவானம் திறந்திருக்கும் இடம் அவசியம். புதனின் பிறையை முதலில் கண்டவர் இத்தாலியரான ஜொவான்னி சூப்பி, 1639-இல்.

8. நிலவுக்கு ஒரு மாதம் மாதிரி வெள்ளிக்கு ஒரு சுற்று எத்தனை நாள்?

சராசரியாக 584 நாள், அதாவது பத்தொன்பது மாதம். இந்தச் சுற்று சமமாகப் பிரிவதில்லை. முழு வட்டத்திலிருந்து பாதியாகச் சுமார் 220 நாள் ஆகிறது. பாதியிலிருந்து கீற்றாகி மறைய 72 நாளே போதும். மறுபக்கம் வெளிப்பட்டு மறுபடி பாதியாக 72 நாள், அங்கிருந்து முழு வட்டமாக 220 நாள். மாதக்கணக்கில் பார்த்தும் மாற்றம் தெரியவில்லை என்று சலித்துப்போகிறவர்கள் அந்த 220 நாளில் பார்த்தவர்கள். கடைசி 72 நாளில் வாராவாரம் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் புது வடிவம்.

நிலவோடு ஒப்பிட்டால் வரிசையும் தலைகீழ். மாலை வானில் நாம் காணும் நிலவு வளர்பிறை. மாலை வானில் நாம் காணும் வெள்ளியோ எப்போதும் தேய்பிறை. சூரியனுக்குப் பின்னாலிருந்து கிளம்பி நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. விடிவெள்ளியாகக் கிழக்கில் எழுவதுதான் வளர்பிறை வெள்ளி.

9. பௌர்ணமி நிலவு மாதிரி முழு வெள்ளியை நடு இரவில் உச்சியில் பார்க்க முடியுமா?

முடியாது. முழு நிலவு சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது, அதனால் சூரியன் மறையும் நேரத்தில் எழுகிறது. முழு வெள்ளி சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால் சூரியனோடே எழுந்து சூரியனோடே மறைகிறது. எந்தப் பிறையாக இருந்தாலும் வெள்ளி சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. தமிழ்நாட்டில் சூரியன் மறைந்து சுமார் மூன்றரை மணி நேரத்துக்குள் அதுவும் மறைந்துவிடும்.

10. எப்போது பார்த்தால் நல்ல பிறை கிடைக்கும்? எந்தக் கருவி வாங்க வேண்டும்?

வெள்ளி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும் நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய ஆறு வாரத்தை மாலையிலும், பிந்தைய ஆறு வாரத்தை அதிகாலையிலும் பயன்படுத்துங்கள். 2025 மார்ச் 23-க்குப் பிறகு அடுத்தது 2026 அக்டோபர் 24. அந்த முறை ஆகஸ்ட் 15 வாக்கில் பாதி வடிவம், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் உச்சப் பிரகாசம், அக்டோபர் தொடக்கத்தில் பெரிய மெல்லிய கீற்று. பஞ்சாங்கமோ செயலியோ இல்லாமலும் கணக்கிடலாம்: ஐந்து சுற்று சேர்ந்தால் எட்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் குறைவு. 2018 அக்டோபர் 26-இல் நடந்தது 2026 அக்டோபர் 24-இல் நடக்கிறது.

கருவிக்காகப் பெரிய பணம் செலவிடாதீர்கள். அந்த வாரங்களுக்கு பைனாகுலர் போதும். பாதி வடிவத்தைக் காண 40 அல்லது 50 மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி வேண்டும். வானம் முழுதாக இருண்ட பிறகு பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. இருட்டில் வெள்ளியின் ஒளி கண்ணைக் கூசவைத்து வடிவத்தை அழித்துவிடும். சூரியன் மறைந்த பத்து நிமிடத்தில், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே பாருங்கள்.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும்போது பைனாகுலரால் வெள்ளியைத் துழாவாதீர்கள். ஒரு நொடி சூரியன் உள்ளே வந்தாலும் பார்வை போகும். குழந்தைகள் கையில் கருவி இருந்தால் சூரியன் முழுதாக மறைந்த பிறகே கொடுங்கள்.

11. என் தொலைநோக்கியில் சூரியன் இல்லாத பக்கம் ஒளிர்கிறதே. நீங்கள் சொன்னதற்கு மாறாக இருக்கிறது.

ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும்; மாற்றியது கருவி. ஆடி வைத்த நியூட்டன் வகைத் தொலைநோக்கி படத்தை முழுதாகத் தலைகீழாக்கும். கண்வில்லைக்கு முன் சாய்வு ஆடி பொருத்திய லென்ஸ் தொலைநோக்கி இடவலம் மாற்றும். பைனாகுலர் எதையும் மாற்றாது, சந்தேகம் வந்தால் அதில் பார்த்து ஒப்பிடுங்கள். மாலையில் சூரியன் கீழே போயிருக்கும் என்பதால், நம் ஊரில் வெள்ளியின் ஒளிரும் விளிம்பு கீழ்நோக்கியும் கொம்புகள் மேல்நோக்கியும் இருப்பதைக் காணலாம்.

12. வெறும் கண்ணாலேயே, கைபேசியாலேயே பிறையைப் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்களே?

வெறும் கண்ணால் பார்ப்பது எல்லையில் நிற்கும் விஷயம். 1-ஆம் கேள்வியில் சொன்ன 60 வில்விநாடியை வெள்ளி எட்டும் சில நாள்களில், மிகக் கூரிய பார்வை உள்ளவர் அது நீண்டிருப்பதாக உணரலாம். ஆனால் நம் கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் சிறு குறையும் ஒளிப்புள்ளியை நீட்டிக் காட்டும். சோதிக்க எளிய வழி உண்டு: அதே கண்ணால் வியாழனையோ ஒரு பிரகாசமான விண்மீனையோ பாருங்கள். அதுவும் நீண்டு தெரிந்தால் நீங்கள் கண்டது வெள்ளியின் பிறை ஆகாது.

கைபேசி இருண்ட வானத்துக்கு ஏற்ப ஒளியை அதிகமாக வாங்கிக்கொள்வதால் வெள்ளி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். தொலைநோக்கியின் கண்வில்லையில் கைபேசியைப் பொருத்தி, திரையில் வெள்ளியைத் தொட்டு, ஒளியளவை நன்றாகக் குறையுங்கள். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே எடுத்தால் பிறை பதிவாகும்.

13. கலிலியோ வெள்ளியின் பிறையைப் பார்த்ததும் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிரூபணமாகிவிட்டது என்று படித்தேன். சரிதானா?

பாதி சரி, அந்த மீதிப் பாதியை விட்டுவிடக் கூடாது. தாலமியின் பழைய அமைப்பில் பூமி நடுவில் இருக்கும். வெள்ளி ஒரு சிறு வட்டத்தில் சுழலும். அந்தச் சிறு வட்டத்தின் மையம் எப்போதும் பூமியையும் சூரியனையும் இணைக்கும் கோட்டிலேயே இருக்கும். வெள்ளியை சூரியனுக்கு இந்தப் பக்கம் வைத்தால் அது என்றும் கீற்றாகவே தெரிய வேண்டும். அந்தப் பக்கம் வைத்தால் என்றும் முழு வட்டத்தை ஒட்டியே தெரிய வேண்டும். ஒரே வெள்ளி இரண்டாகவும் தெரிய அந்த அமைப்பில் வழியில்லை. 1610-இன் பிற்பகுதியில் ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து கலிலியோ கண்டதோ, சிறிய வட்டம் மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே பாதியாகிக் கீற்றாவதை. தாலமியின் வெள்ளி அத்துடன் முடிந்தது. 1611-இல் ரோமில் இருந்த ஏசு சபை வானியலாளர்களும் தங்கள் தொலைநோக்கியில் பார்த்து இதை உறுதிசெய்தார்கள்.

ஆனால் தாலமியின் அமைப்பையும், பூமி உட்பட எல்லாக் கிரகங்களும் சூரியனைச் சுற்றும் கோப்பர்னிகஸின் அமைப்பையும் தவிர, டைக்கோ பிராஹே வகுத்த மூன்றாவது அமைப்பு ஒன்று இருந்தது. அதில் கிரகங்கள் சூரியனைச் சுற்றும். சூரியன் அவற்றை அழைத்துக்கொண்டு பூமியைச் சுற்றும். அந்த அமைப்பிலும் வெள்ளியின் பிறைகள் அச்சு மாறாமல் இதே வரிசையில் வரும். ஆகவே பிறைகள் நிரூபித்தது ஒன்றுதான்: வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது. பூமி நகர்கிறது என்பதற்கான நேரடிச் சான்று, விண்மீன்களின் ஒளி ஆண்டு முழுதும் சிறிது சாய்ந்து வருவதை ஜேம்ஸ் பிராட்லி 1728-இல் விளக்கியபோதும், விண்மீனின் இடப்பெயர்ச்சியை பெசல் 1838-இல் அளந்தபோதும்தான் கிடைத்தது. ஒரு சான்று எதைச் சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பிரித்துப் பார்ப்பதை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

14. கலிலியோ இந்தக் கண்டுபிடிப்பை ரகசிய வாக்கியமாக எழுதி வைத்தார் என்பது கதையா, உண்மையா?

உண்மை. 1610 டிசம்பர் 5 தேதியிட்ட கடிதத்தில் அவருடைய பழைய மாணவர் பெனடெட்டோ கஸ்டெல்லி, கோப்பர்னிகஸ் சொன்னது சரியென்றால் வெள்ளிக்குப் பிறை தெரிய வேண்டுமே என்று கேட்டிருந்தார். டிசம்பர் 11 அன்று கலிலியோ பிராக் நகரில் இருந்த டஸ்கனித் தூதருக்கு, எழுத்துகளை இடம் மாற்றிய ஒரு லத்தீன் வாக்கியத்தை அனுப்பினார். வானியலாளர் கெப்ளர் அதை அவிழ்க்க முயன்றும் முடியவில்லை. 1611 ஜனவரி 1 அன்று எழுதிய கடிதத்தில் கலிலியோவே விடையைச் சொன்னார்: காதலின் தாய் நிலவின் உருவங்களைப் பின்பற்றுகிறாள். காதலின் தாய் என்பது வெள்ளி. கண்டுபிடிப்பை இன்னும் உறுதிசெய்ய அவகாசம் வேண்டும், அதற்குள் வேறொருவர் முந்திக்கொள்ளவும் கூடாது; அந்தக் காலத்தில் அதற்கு இதுவே வழி.

15. பஞ்சாங்கத்தில் சுக்கிர மூடம் என்று போடுகிறார்கள். அதற்கும் பிறைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெள்ளி சூரியனின் ஒளியில் மூழ்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலமே மூடம். ஒரு 584 நாள் சுற்றில் அது இருமுறை வரும். வெள்ளி முழு வட்டமாகச் சூரியனுக்குப் பின்னால் செல்லும்போது வாரக்கணக்கில் நீளும். கீற்றாகி நமக்கும் சூரியனுக்கும் நடுவே செல்லும்போது சில நாள்களிலேயே முடியும், ஏனெனில் அருகில் இருப்பதால் வானத்தில் அது விரைந்து கடந்துவிடுகிறது. மாலை வெள்ளி மறைந்து சில நாளில் விடிவெள்ளியாக எழுந்தால், அந்த இடைவெளியில் தேய்பிறை முடிந்து வளர்பிறை தொடங்கிவிட்டது என்று பொருள். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இந்த மறைவையும் தோற்றத்தையும் நாள் தவறாமல் குறித்து வைத்தவர்களின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

16. வெள்ளியின் அமாவாசை அன்று அது சூரியன் மேல் கரும்புள்ளியாகத் தெரிய வேண்டுமே?

ஒவ்வொரு முறையும் தெரியாது. வெள்ளியின் பாதை நம் பாதைக்கு 3.4 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் சென்றுவிடும். 2025 மார்ச்சில் 8 பாகைக்கும் மேல் வடக்கே விலகிச் சென்றது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஜூன் அல்லது டிசம்பர் தொடக்கத்தில், நடுவே வந்தால் மட்டும் சூரியன் மேல் கடந்து போகும். அதுவே வெள்ளி கடப்பு. 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6 என இரண்டு கடப்புகள் எட்டு ஆண்டு இடைவெளியில் வந்ததற்கு 10-ஆம் கேள்வியின் எட்டு ஆண்டுக் கணக்கே காரணம். அடுத்தது 2117 டிசம்பரில்.

1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த கடப்பு இந்தியாவில் தெரிந்தது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதை மக்களுக்கு விளக்கத் தனியே ஒரு சிறுநூல் எழுதி வெளியிட்டார். பொதுமக்களுக்காக வானியல் எழுதுபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய பெயர்.

17. சரிபாதியாகத் தெரிய வேண்டிய நாளில் பார்த்தேன், பாதியைவிடக் குறைவாக இருந்தது. கணக்கு தவறா?

கணக்கு சரி, உங்கள் கண்ணும் சரி. மாலை வெள்ளி கணக்கிட்ட நாளுக்குச் சில நாள் முன்பே பாதியாகிவிடுகிறது. காலை வெள்ளி சில நாள் தாமதமாகப் பாதியாகிறது. ஜெர்மானியரான ஷ்ரோட்டர் 1793-இல் இதைக் கவனித்தார், அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே சூரிய ஒளி மிகச் சாய்வாக விழுந்து மேகங்களில் மங்கிவிடுகிறது. அந்த மங்கிய ஓரத்தை நம் கண் இருட்டாக எடுத்துக்கொள்கிறது.

மிக மெல்லிய கீற்றில் இதற்கு எதிரானது நடக்கும். உருண்டையின் கணக்குப்படி கொம்புகள் அரைவட்டத்தோடு நின்றுவிட வேண்டும். ஆனால் வெள்ளியின் வளிமண்டலம் சூரிய ஒளியைச் சிதறடித்து இருட்டுப் பக்கத்தின் விளிம்பு வழியே கொண்டுபோகிறது. கொம்புகள் நீண்டு, சூரியனுக்கு மிக அருகில் வெள்ளி இருக்கும்போது ஒன்றுசேர்ந்து முழு வளையமாகவும் ஆகும். அனுபவம் மிக்கவர்கள் தகுந்த பாதுகாப்போடு மட்டுமே செய்ய வேண்டிய நோக்கு இது.

18. பிறையின் இருண்ட பகுதியும் மங்கலாக ஒளிர்வதாகச் சொல்கிறார்களே?

நிலவில் அப்படித் தெரிவதன் காரணம் எளிது: பூமி திருப்பி அனுப்பும் ஒளி அதன் இருட்டுப் பக்கத்தில் விழுகிறது. வெள்ளிக்கு நிலவும் இல்லை, நாமும் வெகு தொலைவில் இருக்கிறோம். இருந்தும் 1643-இல் ரிச்சியோலி தொடங்கிப் பலர் அப்படியொரு சாம்பல் ஒளியைக் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். கூசும் பிறைக்குப் பக்கத்தில் கண் உண்டாக்கிக்கொள்ளும் தோற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

வெள்ளியின் இரவுப் பக்கம் ஒளிர்வது மட்டும் மெய்தான். சுமார் 460 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் தரை மிக மங்கலாகச் சிவந்து ஒளிர்கிறது. அருகில் பறந்த பார்க்கர் விண்கலம் அதைப் படமெடுத்தது. பூமியிலிருந்து கண்ணால் காணும் அளவுக்கு அந்த ஒளி போதாது.

19. வியாழனுக்குப் பிறை தெரியாது என்றீர்கள். ஆனால் பிறை வியாழன், பிறை சனி படங்கள் வருகின்றனவே. போலியா?

போலி இல்லை. 3-ஆம் பதிலில் "நமக்கு" என்பதுதான் முக்கியம். விண்கலம் வியாழனைக் கடந்து அப்பால் போய்த் திரும்பிப் பார்த்தால் பிறைக்கோணம் பெரிதாகிவிடும். 1980-இல் சனியைக் கடந்து சென்ற வாயேஜர் 1 அதன் பிறையையும், 2007-இல் நியூ ஹொரைசன்ஸ் வியாழனின் பிறையையும் எடுத்தன. சனி கீற்றாக இருக்கும் ஒரு படத்தைப் பார்த்தால், அது பூமியிலிருந்து எடுத்தது இல்லை என்று அந்த நொடியே சொல்லிவிடலாம்.

பூமிக்கும் இதே விதி. 1977 செப்டம்பர் 18 அன்று 1.17 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதே வாயேஜர் 1 பூமியையும் நிலவையும் ஒரே படத்தில் பிடித்தது. இரண்டும் பிறைகள். செவ்வாயில் நின்று பார்ப்பவருக்கு நாம் உள்கிரகம். நமக்கு வெள்ளி எப்படியோ, அவருக்குப் பூமி அப்படி.

20. வேறு விண்மீன்களைச் சுற்றும் கிரகங்களுக்கும் பிறை தெரியுமா?

வடிவமாகத் தெரியாது, இன்றைய தொலைநோக்கிகளுக்கு அவை எல்லாமே புள்ளிகள், பெரும்பாலானவை தனிப் புள்ளியாகக்கூடப் பிரியாமல் தங்கள் விண்மீனின் ஒளியோடு கலந்தே வருகின்றன. ஆனால் கிரகம் சுற்றும்போது அதன் வெளிச்சப் பாதி நம் பக்கம் திரும்பத் திரும்ப, மொத்த ஒளி மிக மிகச் சிறிதளவு ஏறி இறங்கும். கெப்ளர் விண்தொலைநோக்கி அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தது. கெப்ளர் 7பி என்ற கிரகத்தில் ஒளி எதிர்பார்த்த நேரத்தில் உச்சத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளித் தொட்டதிலிருந்து, அதன் ஒரு பக்கத்தில் மேகம் அதிகம் என்று 2013-இல் முடிவு செய்தார்கள். கையாண்டது 2-ஆம் பதிலில் உள்ள அதே பிறைக்கோணக் கணக்குத்தான்.